ஷெரினின் தலையில் புதுமுடி

ஜெராட்,

புட்டு மூடி வைத்திருக்கிறேன். மீன் குழம்பைச் சூடாக்குங்கள். ஷெரின் கீழ்வீட்டு மாக்கிரட் அக்காவிடம் இருக்கிறாள், கூட்டி வாருங்கள். டவுன்டவுனுக்கு வேலைக்கு ஓடுகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் போனால் வெடித்துவிடுவேன்.

ஷெரினின் தலைக்கு ஒளிச் சிகிச்சை வேண்டுமென்று நீங்களும் வேண்டாமென்று நானும் நேற்றுச் சண்டை பிடித்ததையே இன்று டாக்டரிடம் கேட்டேன். புற ஊதா ஒளி கொடுத்தால் முடி வரலாம், வந்தது திரும்பவும் கொட்டலாம் என்றார். தோல் புற்றுநோய் ஆபத்து சிறியதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகுமாம். இந்தச் சின்ன வழுக்கை வட்டத்துக்கு, இந்த வயதில், இப்போதைக்குப் பூச்சு மருந்தே போதுமாம்.

பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். வட்டத்தின் ஓரத்தில் பூனைமயிர் மாதிரி வெள்ளை முடி! புதுமுடி முதலில் வெள்ளையாகத்தான் முளைக்குமாம்.

"அம்மா, ஏன் அழுறீங்கள்? எனக்குத்தானே முடி வருது!" என்றாள் உங்கள் மகள். மெட்ரோவில் தொப்பியைக் கழற்றிவிட்டு, எதிரே இருந்த கிழவருக்கு பிரெஞ்சில் "bonjour" என்று வணக்கம் சொல்லித் தலையைக் குனிந்து காட்டினாள். சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டோம்.

"பிள்ளை மொட்டையாத் திரியட்டும் எண்டு நினைக்கிறீரோ?" என்று நீங்கள் கேட்டது இன்னும் குத்துகிறது. பயத்தில் கேட்டீர்கள், தெரியும். வழுக்கை பரவினால் ஒளியைப் பற்றித் திரும்பக் கதைக்கலாம் என்றார் டாக்டர். ஆகவே நான் வென்றதாகச் சொல்லமாட்டேன். (கொஞ்சம் வென்றேன்.)

அனோஜினி

பி.கு: தலையைப் பார்க்கச் சொல்வாள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் பொய் சொல்லாதீர்கள், ஜன்னலடிக்குக் கூட்டிப்போய்த் திரும்பப் பாருங்கள். இருக்கிறது ஜெராட், உண்மையாகவே இருக்கிறது.