எந்த நாடென்று சொல்லித் தொலையுங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

பாதிக் கோபமும் பாதி அக்கறையுமாக உங்கள் மனைவி எழுதுவது. இங்கே மாமா, நம் வாண்டு, நான் மூவரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்றுதான் போனில் சொல்கிறீர்கள். அதை அப்படியே நம்புவதை நேற்று மாலையோடு நிறுத்திவிட்டேன். காரணம் கீழே வருகிறது. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் உங்களுக்கு சைட்டிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. இல்லையென்றால் சிக்னல் போய்விடுகிறது. அதுவும் இல்லையென்றால் "சரி சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. உங்கள் கம்பெனி கிரேன்காரர் நாளை லீவு முடிந்து திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்காரும்படி சொல்லியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர், உட்காருவார்.

முதலில் வீட்டுச் செய்தி. தண்ணீர் மோட்டார் மறுபடியும் படுத்துவிட்டது. நீங்கள் போனிலேயே சொல்லிக்கொடுத்த வைத்தியத்தை மாமா செய்து பார்த்ததில், முன்பு இழுக்காமல் இருந்த மோட்டார் இப்போது சத்தமும் போடாமல் இருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறேன். மாமாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தாயிற்று. வாண்டுக்கு ஷூ பத்தவில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய ஷூவும் பத்தவில்லை. அவள் பாதம் எவ்வளவு என்று போன மாதம்தான் கேட்டீர்கள், சொன்னேன், "ம், ம்" என்றீர்கள். அந்த "ம், ம்" பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

இனி நாட்டு விஷயம்.

இந்த வீட்டில் ஒன்றரை வருடமாக யாரும் நிம்மதியாக ஒரு பொருள் வாங்கவில்லை. கட்டில் கால் ஆடுகிறது, புதுசு வாங்கலாம் என்றால், போகப்போகிற வீட்டில் எதற்குக் கட்டில் என்கிறீர்கள். எங்கே போகப்போகிறோம் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. நீங்கள் இருக்கும் வெயில் நாட்டில் குடும்பத்தைக் கூட்டிவர கம்பெனி விடாது, அது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். குளிர் நாட்டில் லிஃப்ட் என்ஜினியர்களுக்குத் தட்டுப்பாடு, குடும்பத்தோடு போகலாம், அதுதான் நமக்குச் சரி என்று சொன்னது யார்? நீங்கள். ராத்திரி தூங்குகிற பிள்ளையை எழுப்பி, "பனியில விளையாடப் போறோம்டா கண்ணு" என்று சொன்னது யார்? அதுவும் நீங்கள்தான். அவள் அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் டாட்டா சொல்லிவிட்டாள். வருஷம் ஓடிப்போய், "நீ இன்னும் போகலையாடி?" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

அப்புறம் திடீரென்று உங்களுக்குக் குளிர் நாட்டில் குறைகள் தென்பட ஆரம்பித்தன. முதலில் குளிர். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்றீர்கள். உடனே வாண்டு, போன தடவை நீங்கள் வாங்கிவந்த அந்தப் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஃபேனைப் போட்டு அதன் அடியிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, "அப்பாகிட்ட சொல்லுங்க, எனக்கு ஒத்துக்குது" என்றாள். வேர்வையில் நனைந்து அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? பார்த்தாயா, நான்தான் சொன்னேனே என்றீர்கள்.

அடுத்தது மாமாவின் முழங்கால். அப்பாவை விட்டுவிட்டு எப்படி என்றீர்கள். மாமாவே உங்கள் அக்காவிடம் பேசி, அவர்கள் வீட்டுக் கீழ் அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லி, "நான் அங்க ராஜா மாதிரி இருப்பேன், என்னை ஒரு சாக்கா சொல்ல வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றார். இப்போது தினமும் காலையில் செல்போனில் மூன்று நாட்டு வானிலையும் பார்த்து, காபி குடிக்கும்போது வாசித்துக் காட்டுகிறார். நம் ஊரில் மழை வருமா என்று கேட்டால் தெரியவில்லை. துணி காய்ந்ததா நனைந்ததா என்று நான்தான் ஓடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று நாடு என்றேன் அல்லவா? ஆமாம், நடுவில் தீவு ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். தீவில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும், குளிர் கிடையாது, விமானம் ஏறினால் நாலு மணி நேரம் என்றீர்கள். சரி, தீவு என்றேன். அடுத்த வாரமே தீவில் வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கும் என்றீர்கள். சரி, குளிர் நாடே என்றேன். அங்கே வரி அதிகம் என்றீர்கள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே வந்து நின்றுகொண்டு, கடைசியில் "எனக்கென்ன, உன் இஷ்டம்தான்" என்றால், ஒரு மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது? எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியாக என் வேலையைப் பிடித்துக்கொண்டீர்கள். "உன் வேலையை விட்டுட்டு அங்க வந்து என்ன பண்ணுவ, பாவம்" என்றீர்கள். அந்தப் "பாவம்" என் காதில் இன்னும் நிற்கிறது.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வேன். காது கேட்காதவர்களில் பாதிப் பேர் கேட்பது போலவே அழுத்துவார்கள். வெட்கம். கூட வந்த மனைவிக்கு முன்னால் தெரிந்துவிடக் கூடாது என்று உத்தேசமாக, இடைவெளி விட்டு, அழகாக அழுத்துவார்கள். நான் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். அப்போதும் அழுத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வராது.

போன வெள்ளிக்கிழமை உங்களுடன் பேசும்போது எனக்குச் சந்தேகம் வந்து, பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன். நீங்கள் "ம்" என்றீர்கள். கொஞ்சம் கழித்து "சரி" என்றீர்கள். அப்புறம், "ஆமாமா, நீ சொல்றதும் சரிதான்" என்றீர்கள். நான் ஒன்றுமே சொல்லவில்லை. இவர் மனசு வேறு எங்கோ இருக்கிறது என்று அன்றே தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அதை நேற்று கிரேன்காரர் சொல்லிவிட்டார்.

அவர்மேல் பாயாதீர்கள். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அவர் பேசினார். ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா என்று கேட்க வீட்டுக்கு வந்தவர், டீயைக் குடித்துக்கொண்டே, "அண்ணி, அண்ணனை ரொம்பத் திட்டாதீங்க. ரெண்டு தடவை போச்சுன்னா என்ன, அந்தக் குளிர் நாட்டு லிஃப்ட் லைசென்ஸ் பரீட்சைதானே, மூணாவது தடவை பாஸாயிடுவாரு. அந்த ஊர்ச் சட்டதிட்டம் கேக்கற பகுதியிலதான் போகுதாம்" என்றார். என் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மாமா நல்லவேளை வாசலில் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார். கிரேன்காரர் அதோடு விடவில்லை. "ஆனா நீங்கதான் குளிருக்குப் பயந்துக்கிட்டு வரமாட்டேன்னுட்டீங்களாமே, வேலையை விடவும் மனசில்லையாமே. அதான் அண்ணன் அங்கேயே இன்னும் மூணு வருஷத்துக்கு மாசக் கடைசில கையெழுத்துப் போடப்போறாரு" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் மட்டும் கம்பெனி முழுக்க என்னை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

பரீட்சையில் தோற்றதற்காக எனக்கு இம்மியும் கோபமில்லை, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு, ஆறு பேர் படுக்கிற அறையில் உட்கார்ந்து, கண்ணால் காணாத ஊரின் சட்டத்தை மனப்பாடம் செய்தால் யாருக்குத்தான் ஏறும்? தனியாகப் போய் எழுதி, தனியாகத் தோற்று, யாரிடமும் சொல்லாமல் அன்று இரவும் எனக்குப் போன் பண்ணி, தீவில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும் என்று பேசியிருக்கிறீர்களே, அதை நினைத்துத்தான் நேற்று அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. தோற்றதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு நாட்டின்மேல் பழி போட்டீர்கள், இன்னொரு நாட்டின்மேல் போட்டீர்கள், பெற்ற அப்பாவின் முழங்கால்மேல் போட்டீர்கள், கடைசியில் தூக்கி என் தலையில் வைத்துவிட்டீர்கள். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எப்போது சொன்னேன்? இந்த ஊர் வெயிலில்தான் எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்குக் கீழே இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சின்னப் பையன்களெல்லாம் சார் சார் என்று சுற்றி வருகிறார்கள், இந்த வயதில் வேறு ஊரில் போய் அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்பதா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக இன்னும் மூன்று வருடமா? வாண்டுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று வருடம் கழித்து நீங்கள் ஷூ வாங்கிவந்தால் அளவு மட்டுமா தப்பாக இருக்கும்?

இனி என் பங்கு. நான் வந்து அங்கே என்ன பண்ணுவேன் என்று கேட்டீர்களே, அந்தச் சாக்கை உடைத்துவிட வேண்டும் என்ற வீம்பில் குளிர் நாட்டில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பம் போட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று இரண்டு வரி பதில் வந்தால் உங்கள் மூஞ்சிக்கு நேரே காட்டலாம் என்றுதான் போட்டேன். அவர்கள் பதில் போட்டார்கள். அப்புறம் கூப்பிட்டுப் பேசினார்கள். அங்கே பிறந்த குழந்தைக்கு வீட்டுக்குப் போகும் முன்பே காது பார்த்துவிடுகிறார்கள். இங்கே என்னிடம் நாலு வயதில், பேச்சே வராமல் கொண்டுவருகிறார்கள், நான் மெஷினை மாட்டிவிட்டு உள்ளுக்குள் நொந்துகொள்கிறேன். அதை அவர்களிடம் சொன்னேன். எனக்குப் பரீட்சை எதுவும் கிடையாதாம், ஒரு வருடம் ஒருவரின் மேற்பார்வையில் இருந்தால் போதுமாம். வேலை கொடுத்துவிட்டார்கள். குடும்பத்தையும் கூட்டிவரலாம். நீங்கள் என்றைக்கு "குளிர் நாடுதான்" என்று வாய் திறந்து சொல்கிறீர்களோ, அன்று சொல்லி உங்களை அசத்தலாம் என்று வைத்திருந்தேன். நீங்களாவது, சொல்வதாவது.

அதனால் இப்போது நானே சொல்கிறேன். எனக்குக் குளிர் நாடு வேண்டும். அந்த வேலை வேண்டும். நீங்களும் வேண்டும். இதுதான் என் இஷ்டம். இத்தனை நாள் கேட்டீர்களே, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வருபவள் நான், நீங்கள் என்னோடு வருபவர் என்றுதான் விசா போடுவார்கள். உங்கள் அக்கா ஏதாவது சொல்வார். உங்கள் நண்பர்கள் ஏதாவது சொல்வார்கள். உங்களுக்கே கொஞ்ச நாள் ஒருமாதிரிதான் இருக்கும். காலையில் நான் வேலைக்குக் கிளம்ப, நீங்கள் வாண்டுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். உங்களுக்குப் பின்ன வராது, அவளே சொல்லிக்கொடுப்பாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, வெளிச்சமான ஒரு அறையில் நிம்மதியாக உட்கார்ந்து அந்தப் பரீட்சைக்குப் படியுங்கள். மூன்றாவது தடவையும் போகட்டும், நாலாவது தடவை எழுதுங்கள். நான் பக்கத்தில் இருப்பேன். வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் நேராகச் சொல்லுங்கள், சண்டை போடலாம். இனி சண்டையென்றாலும் ஒரே வீட்டில் இருந்து போட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

பரீட்சை விஷயம் மாமாவுக்கும் வாண்டுக்கும் தெரியாது. என் வாயிலிருந்து வராது.

மாசக் கடைசியில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நின்றேன், அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. இந்த ஒருமுறை என் பின்னால் வாருங்கள். ரொம்ப தூரம் முன்னால் போய்விட மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மனைவி