நீலப் பென்சில்

ஜூலை 15, செவ்வாய்

எங்கள் அபார்ட்மென்டில் மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு. இங்கிலீஷ் ஹோம்வொர்க்குக்குக் கீழ்வீட்டு ஸ்டெல்லா. அதை முடித்துவிட்டுப் பிள்ளைகள் சயின்ஸுக்கு மாடியேறி என்னிடம் வருவார்கள்.

இன்று கிருத்திகா வரும்போதே நோட்டில் இதயப் படம் வரைந்து, கலரும் அடித்து முடித்திருந்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஸ்டெல்லா மிஸ். அவங்க சொன்னா கதை மாதிரி இருக்கு மிஸ்.”

கதை மாதிரியாம்! விலங்கியல் படித்தவள் நான்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். நுரையீரலிலிருந்து வரும் சிரைக்குச் சிவப்பு. உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. “சிரைன்னா ப்ளூதான்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?” என்று நானே நீலப் பென்சிலை எடுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. மற்ற சிரைகளுக்குத்தான் நீலம். நுரையீரலிலிருந்து வருவது சுத்த ரத்தம், அதற்குச் சிவப்புதான். வருடாவருடம் நான் நடத்துகிற பாடம். நாளைக்கு ஸ்கூலில் அவளுக்கு முதல் பீரியடே சயின்ஸ்.

கிருத்திகாவின் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில், ‘ஸ்டெல்லா போட்டதுதான் சரி’ என்று அடித்தேன். அழித்தேன். ‘ஒரு சின்ன கரெக்ஷன், அந்தச் சிரைக்கு ரெட் அடிக்கச் சொல்லுங்க’ என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ‘பரவால்ல மிஸ், இறங்கி வரும்போதே ஸ்டெல்லா மிஸ் பாத்து, புதுசா வரைய வெச்சுட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம், பாவம் வருத்தப்படுவாங்கன்னு சொன்னாங்களாம்.’

பாவமாம்.

இவ்வளவு நல்லவளாக வேறு இருக்க வேண்டுமா அவள்?