உச்சியில எண்ணெ வெக்கல மாப்ள

என்ற ஆச மாப்ள கந்தா,

நல்லாருக்கியா? செத்தவனப் போயி நல்லாருக்கியான்னு கேக்கறான் பாரு கிறுக்கன்னு நீ சிரிக்கோணும், அதுக்குத்தான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வர்ல. எழுத்து கோணலாத்தான் இருக்கும். நேரா எழுதுனப்ப மட்டும் நீ படிச்சுக் கிழிச்சியாக்கும்.

இத நம்மூரு வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில போடறமுன்னு கேட்டாங்க. போடட்டும். கபடி கேப்டன் மணி படிக்கட்டும். அவன் இப்ப எங்கூடப் பேசறதில்ல, படிக்கவாச்சும் செய்யட்டும்.

மாப்ள, உன்ற மகன் சின்னராசுக்குத் தலையில அடி பட்டுருச்சு. பதறாதே, உசுரோட இருக்கறான். நானுந்தான் இருக்கறேன், ஆனா பாதி உசுரு பயத்துலயே போயிருச்சு. எனக்கு இந்தக் கதி வந்ததே உன்னாலதான், மொதல்ல அதக் கேளு.

உன்ற கருமாதி முடிஞ்ச கையோட மணி வந்து, உன்ற தைலப் பையக் கொண்டாந்து என்ற மடியில வெச்சான். இனி டீமுக்கு வைத்தியம் நீங்கதானுங்க பெரிப்பான்னான். எனக்கென்னடா தெரியும், அவன் உருவி உடறப்ப பக்கத்துல குத்தவெச்சுக் குக்கிட்டு நக்கல் பேசுனதுதானே என்ற சோலின்னேன். அவன் கேக்கல. மாப்ளயோட கைராசி மச்சானுக்குத்தான் வருமாமா. எந்த ஊருல மாப்ள இப்பிடி? பொண்ணக் குடுத்தவன் நானு, எனக்குச் சீராக் கிடைச்சது ஒரு எண்ணெப் பாட்டலு.

அந்தப் பாட்டலுதான் வம்பு. நம்ம டீமு வழக்கம் உனக்குச் சொல்லோணுமா, நீ உண்டாக்குனதுதானே. அடி பட்டு உளுந்தவன் மறுக்கா ஆடோணும்னா, உன்ற முன்னால வந்து குக்கோணும். நீ கண்ணப் பாப்பே, கழுத்தத் தடவுவே, அப்பறம் உச்சியில எண்ணெ வெச்சு ஒரு தட்டுத் தட்டுவே. தட்டிட்டா அவன் ஆடலாம். தட்டலீன்னா கேப்டனா இருந்தாலும் வெளியே நிக்கோணும். நீ பாத்தியே, அந்தப் பார்வை எங்கயோ போச்சு. எண்ணெ மட்டும் மிச்சம். பசங்க எண்ணெதான் வைத்தியம்னு நெனச்சுட்டாங்க.

நீயென்ன பெரிய படிப்பாளியான்னு நீ இருக்கறப்பவே கேட்டவன் நானு. உங்கப்பன் மாட்டுக்குக் கால் கட்டுனதப் பாத்து நீ மனுசனுக்குக் கட்டுனே. உங்கிட்ட வைத்தியம் பாத்தவன் எவனுக்கும் கொம்பு மொளைக்காமப் போனதே பெருசுன்னு சொல்லுவேன். நீ தைலக் கையோட என்ற மூஞ்சியில ஒண்ணு தேச்சுட்டுப் போவே. கண்ணு எரியும். இப்பவும் எரியுது, தைலமில்லாமலே.

செரி, அடி பட்ட கதைக்கு வாறேன். எலப்புள்ளி ஊரு டீமுகூட செமி பைனலு. சின்னராசு பாடிட்டுப் போனான், நாலு பேரு சேந்து தூக்கிப் போட்டாங்க. பின்னந்தல தரையில உளுந்துச்சு. சத்தம் எனக்குக் கேட்டுச்சு மாப்ள, தேங்கா போட்ட மாதிரி. அதே நேரத்துல விசிலும் ஊதியாச்சு, நாம செயிச்சாச்சு. அதுனால எவனும் எண்ணெயக் கேக்கல. தோள்ல தூக்கிட்டு ஆடுனாங்க. அவனும் சிரிச்சுட்டுத்தான் இருந்தான். சிரிப்பு மட்டும் மூஞ்சியில ஒட்டாம இருந்துச்சு.

பஸ்ஸுல வாந்தி எடுத்தான். ஊட்டுக்கு வந்து கட்டல்ல படுத்தவன், மேட்ச் முடிஞ்சுதாங் மாமான்னு கேட்டான். முடிஞ்சுது கண்ணு, செயிச்சாச்சுன்னேன். சித்த நேரங் கழிச்சு மறுக்கா அதையே கேட்டான். உனக்கு ஞாவகசக்தி உங்கப்பனாட்டம்னு கிண்டல் பண்ணுனேன். அதுக்கு அவன் கேட்டான் பாரு:

"அப்பன் சந்தைக்குப் போனாரே, இன்னும் வர்லீங்களா?"

என்ற தங்கச்சி பாப்பாத்தி சொம்பக் கீழ போட்டுட்டா. நான் செவுத்தப் புடிச்சுட்டு நின்னேன். நீ போன ஆடியில போனவன். உனக்குக் கொள்ளி வெச்சவன் அவன்.

மாப்ள, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. நீ வந்து கூப்புட்டியா?

பொளுது விடிஞ்சதும் சித்தூர் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்குது, மலையாளத்துக்காரங்க, நம்ம பேச்சும் பேசுது. கண்ணுல வெளக்கடிச்சுப் பாத்துது. வெரல மூக்கத் தொடச் சொல்லுச்சு, ஒரு கோட்டுமேல நடக்கச் சொல்லுச்சு. அங்கயே வெச்சுப் பாத்துட்டு அப்பறந்தான் ஊட்டுக்குத் தாட்டி உட்டுது. மண்டையோடு ஒடையல, உள்ளுக்க மூளை குலுங்கியிருக்குதுன்னாங்க. படுத்துத்தான் ஆறோணுமாமா. ஆறாம மறுக்கா ஒரு அடி பட்டா, சின்ன அடியா இருந்தாலும், என்ற கையில ஒண்ணுமில்ல கேட்டோன்னு மலையாளத்துல முடிச்சாங்க.

எனக்கு வாயி சும்மா இருக்குமா, பயந்தா எச்சாத்தான் பேசுவேன். அப்ப பைனலுக்கு நீங்க வந்து கிரவுண்டுல சொல்லீருங்கம்மான்னேன். டாக்டரம்மா வராண்டாவுல நிக்கிற கூட்டத்தக் காட்டுச்சு. பிரசவமும் நாந்தான், பாம்புக்கடியும் நாந்தான்னுச்சு. அப்பறம் பொறுமையாத்தான் சொல்லுச்சு. பெரிய ஊருகள்ல எலும்புக்குன்னு படிச்ச டாக்டரு தனியாம். தலைக்குத் தனியாம். கட்டுப் பிரிச்சப்பறம் கையிங்காலும் மடக்கி நீட்டப் பழக்கி உடறதுக்கு ஒரு படிப்பாம், அவங்க டாக்டரு இல்லியாம், அவங்க சோலியும் டாக்டருக்குத் தெரியாதாம். வெளிநாட்டுல ஆட்டக்காரங்களுக்குன்னே ஒரு டாக்டரு டீமுகூடவே பஸ்ஸுல போவாராமா. அவர் வேண்டாம்னா கேப்டனு, கோச்சு எவனும் எதுத்துப் பேசக் கூடாதாமா.

"இங்க ஆட்டத்துல யாரு நிப்பாங்க?"

"நாந்தானுங்க."

"எந்தா படிச்சிருக்கு?"

மூணாங்கிளாசுங்க, அதுலயும் கணக்குல தோத்ததுன்னேன். உருவி உடறதாச்சும் தெரியுமான்னாங்க. மாட்டுக்கு லாடம் அடிக்கிறப்ப காலப் புடிச்சிருக்கறேன்னேன். அது சிரிக்கும்னு நெனச்சேன் மாப்ள. சிரிக்கல. என்ற கையப் பாத்துது. ஈரத் துணி வெக்கலாம், எலும்பு ஒடைஞ்சாப் பட்டை வெச்சு அசையாமக் கட்டலாம், கழுத்தச் சொடக்கெடுக்கக் கூடாது, நெனவு தப்புனவனத் தூக்கி நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான் உங்களுக்குன்னுச்சு. அப்பறம் ஆட வேண்டாம்னு சொல்றது. அது படிச்சவங்க இல்லாத எடத்துல நிக்கிறவரோட சோலின்னுச்சு.

சொல்றது லேசு. அந்தம்மா மணியப் பாத்திருந்தா தெரியும்.

மணி ஊட்டுக்கே வந்தான். டாக்டர் சொன்னதச் சொன்னேன். டாக்டரு காச்சலுக்குத்தானுங்களே பெரிப்பா, ஆட்டத்துக்கு நம்ம பாட்டலு இருக்குதுல்லன்னான். உன்ற காலத்துல எத்தன பேரு அடி பட்டு எந்திரிச்சு ஆடுனாங்கன்னு அடுக்குனான். பைனல்ல செயிச்சா ஜில்லா டீமுக்கு நம்ம பசங்க மூணு பேர எடுப்பாங்களாமா, அதுல மொத ஆளு சின்னராசாமா. சின்னராசு கட்டல்ல எந்திரிச்சு உக்காந்துட்டான். எனக்கொண்ணுமில்லீங் மாமா, தலவலி நின்னு போச்சுன்னான். நின்னு போச்சுன்னு சொல்றப்பவே சன்னல் வெளிச்சத்துக்குக் கண்ண மூடிக்கிட்டான். மணி போனப்பறம் பாப்பாத்தி எங்கிட்ட வந்து நின்னா.

"அண்ணா, அவங்கப்பன் பாட்டலு உன்ற கையில இருக்குது. எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்."

அவ்வளவுதான் சொன்னா. அழுதிருந்தாத் தேவலாம்.

பைனலு அன்னிக்கு வேத்து வேத்து எனக்கு வேட்டி ஒட்டிக்கிச்சு. சித்தூருக்குக் கெழக்க அறுத்த வயல்ல கோடு போட்டு, தென்னங்கீத்துப் பந்தல் கட்டி, மைக்கு வெச்சிருந்தாங்க. ஊரே வந்திருந்துது. ஓடிரலாம்னு பாத்தேன். ஓடுனாத் தொரத்திப் புடிக்கறதுக்குன்னே பழகுன பசங்க ஏழு பேரு பக்கத்துல நிக்கறானுக.

மைக்குல டீமக் கூப்புட்டாச்சு. சின்னராசு சட்டையக் கழட்டிட்டு வந்து என்ற முன்னால குக்குனான். தலையக் குனிஞ்சான். உன்னாட்டமே ரெட்டச் சுழி. மணி பாட்டலத் தொறந்து என்ற கையில குடுத்தான். அத்தன கூட்டமும் என்ற கையப் பாக்குது. டாக்டரம்மா சொன்னது ஒரு காதுல, செண்டக் கொட்டு ஒரு காதுல. வெக்கவும் பயம், வெக்காம இருக்கவும் பயம். உள்ளதச் சொல்லீர்றேன், ஒரு நிமிசம் வெச்சுத் தொலைச்சரலாம்னுதான் கை போச்சு.

அப்பத்தான் அவன் குனிஞ்சவாக்குல, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னான்.

"சீக்கிரம் வெய்ங்க மாமா. அப்பன் அக்கட்ட பனமரத்தடியில நின்னு பாத்துட்டு இருக்கறாரு."

நான் திரும்பிப் பாத்தேன். பனமரத்தடியில ஒரு சைக்கிள் சாஞ்சு நின்னுச்சு. ஆளில்ல. மாப்ள, பட்டப்பகல்ல எனக்கு முதுகு சில்லுன்னு போச்சு. நீ நின்னியா? நின்னிருந்தா எதுக்கு நின்னே? மகன் ஆடறதப் பாக்கவா, கூட்டிட்டுப் போகவா?

அப்பறம் நான் பண்ணுனத நானா பண்ணுனேனான்னே தெரியல. பாட்டல அப்பிடியே கவுத்தி அத்தன எண்ணெயும் என்ற வழுக்கத் தலையில ஊத்திக்கிட்டேன். கண்ணு, காது, மீச எல்லாம் வழியுது. என்ற உச்சியில நானே தட்டிக்கிட்டு எந்திரிச்சேன். எண்ணெ வெச்சவன்தானே ஆடோணும், நான் ஆடறேன்னு வேட்டியத் தாருப் பாச்சிக் கட்டிட்டு கோட்டுக்குள்ள போயி நின்னுட்டேன். கபடி கபடின்னு பாடவும் செஞ்சேன். பாட்டு வர்ல, பல்லுத்தான் கிட்டிச்சுது. கூட்டம் உருண்டு உருண்டு சிரிச்சுது. ரெப்ரியும் சிரிச்சுட்டாரு. மணி மட்டும் வந்து என்ற கையப் புடிச்சான்.

"வெளையாடறதுக்கு நேரமில்லீங்க பெரிப்பா. அவன உடுங்க."

"அவன் ஆடமாட்டான் மணி. ஆடோணும்னா என்னயத் தாண்டித்தான் போகோணும்."

இத நான் சிரிக்காமச் சொன்னேன் மாப்ள. என்ற வாயில இருந்து நக்கலில்லாம ஒரு பேச்சு வந்தத மணி அப்பத்தான் மொதத் தடவ கேட்டிருப்பான் போல. கைய உட்டுட்டான். காலிப் பாட்டலப் பாத்தான். சின்னராசுக்குப் பதிலா வெளிய நின்ன ஒருத்தன எறக்குனாங்க.

தோத்துப் போச்சு. சும்மா இல்ல, அசிங்கமாத் தோத்துப் போச்சு.

அன்னியிலிருந்து டீக்கடையில நான் உக்காந்தா பெஞ்சு காலியாயிருது. ஜில்லா டீமுக்கு நம்மூருல ஒருத்தனையும் எடுக்கல. மணி நேருல பாத்தாலும் ரோட்டுக்கு அக்கட்ட போயிக்கறான். அதெல்லாம் எனக்குப் பெருசில்ல, நக்கலுக்கு ஆளில்லாததுதான் கஷ்டம். சின்னராசும் எங்கூடப் பேசல. சோறு கொண்டு போனா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான். தலவலி மட்டும் கொஞ்சங் கொஞ்சமாக் கொறையுதுன்னு பாப்பாத்தி சொன்னா. நான் தெனமும் வாசப்படியில உக்காந்து உள்ள காத வெச்சுட்டே இருந்தேன். அப்பன் வந்தாரான்னு மறுக்கா கேப்பானோன்னு.

முந்தாநேத்து மத்தியானம், கஞ்சி கொண்டு போனேன். திரும்பிப் படுத்திருந்தவன் எந்திரிச்சு உக்காந்தான். என்னய நேராப் பாத்தான், வெளிச்சத்துக்குக் கண்ணச் சுருக்கல. கோவத்துல ஒதடு துடிக்குது.

"எங்கப்பன் இருந்திருந்தா எண்ணெ வெச்சு உட்டிருப்பாரு. நீங்க பயந்தாங்கொள்ளி மாமா."

இருந்திருந்தா. கேட்டியா மாப்ள? இருந்திருந்தான்னான். நீ போயிட்டேங்கறது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. சந்தைக்குப் போகல, பனமரத்தடியில நிக்கல, போயிட்டே. கஞ்சிச் சட்டியக் கீழ வெச்சுட்டு வெளிய வந்து ஓன்னு அழுதேன். திட்டு வாங்கி அழுகறேன்னு பாப்பாத்தி நெனச்சா. விசயத்தச் சொன்னதும் அவளும் பக்கத்துல உக்காந்து அழுதா. உனக்காக நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கா அழுதது அன்னிக்குத்தான்னு வெச்சுக்கோ.

அவன் சொன்னது நெசமா மாப்ள? நீ வெச்சிருப்பியா? இல்ல கண்ணப் பாத்துட்டு நீயும் வேண்டாம்னிருப்பியா? எனக்குத் தெரியல. வந்து பதில் சொல்லாதே, தயவு பண்ணி வந்துராதே. எனக்கே இன்னும் பனமரத்துப் பக்கம் போக முடியல.

அடுத்த வாரம் டாக்டரம்மா மறுக்கா பாக்கறமுன்னிருக்குது. அந்தம்மா செரின்னு வாயால சொல்ற வரைக்கும் இந்தப் பாட்டல்ல ஒரு சொட்டு எண்ணெ ஊத்தமாட்டேன். சொன்னப்பறமும், கண்ணப் பாக்காம எவன் உச்சியிலயும் கை வெக்கமாட்டேன். இது உன்ற மேல சத்தியமில்ல, நீதான் போயிட்டியே. உன்ற மகன் தலமேல சத்தியம். தொடாமத்தான்.

நீயும் ஒரு வார்த்த குடு. அவனக் கூப்புடாதே. அங்க பேச்சுத் தொணைக்கு ஆள் வேணும்னா என்னயக் கூப்புடு. ஆனா இப்பவே வேண்டாம் மாப்ள, எனக்குப் பயமா இருக்குது.

இப்பிடிக்கு,
உன்ற பொண்டாட்டிக்கு அண்ணன், உன்ற மகனுக்குப் பயந்தாங்கொள்ளி மாமன்,
உன்ற மச்சான் வேலுச்சாமி