படகின் பழைய ரப்பர் உறை

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம்.

நேற்று அம்மா போனில் சொன்னது இது: "படகுக்குள்ள தண்ணி வருது. உங்கப்பா மூணு நாளா படகுக்குப் பின்னால தொங்குற அந்தக் கியரோடதான் குடும்பம் நடத்துறார். திங்கக்கிழமை கடல்ல இறக்கியே தீருவாராம்."

இறக்காதீர்கள், அப்பா. கோளாறு கியரில் இல்லை. அதை இன்ஜினோடு சேர்க்கும் இடத்தில், துருத்திபோல் மடிந்த ரப்பர் உறை கிழிந்திருக்கும். புதிது மாட்டிவிட்டதாக நான் சொன்னது பொய். ஊரிலிருந்து கிளம்பும் அவசரத்தில் பழையதையே பசை தடவி மாட்டினேன். நடுக்கடலில் அது பிரிந்தால் படகு மூழ்கிவிடும்.

இக்கடிதத்தைத் தருபவர் என்னோடு வேலை செய்யும் வெல்டர். புது உறை அவர் பையில் இருக்கிறது.

நான் இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை. புது உறையை மாட்டிவிட்டீர்களா என்று கேட்க ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழைப்பேன். பேசாவிட்டாலும் போனை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் படகில் தட்டும் சுத்தியல் சத்தமாவது கேட்கட்டும்.

உங்கள் மகள்