போகியன்று காஜா பெராங்கில்

மலாக்கா,
13 ஜனவரி 1957

அன்புள்ள அப்பாவுக்கு,

இல்லை அப்பா, திருவேங்கடத்தின் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. மலாய்தான். என்னோடு பள்ளியில் கற்பிக்கிறவர், என்னைப் பெண் கேட்கிறவர், இதை மறைக்கவில்லை. இருமல் குறைந்ததா? நான் நலம்.

இன்று யாரிடமும் சொல்லாமல் அவர்கள் தெருவைப் பார்க்கத் தனியாக நடந்தேன். காஜா பெராங்கில், பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து மலாய் பேசும் மலாக்கா செட்டிகளின் வாசல்தோறும் மாவிலை. தெருவில் ஆளில்லை. அவர் வீட்டார் மட்டும் முற்றத்தில் நின்றார்கள். வாசலில் திரை மூடியிருந்தது. உரக்க வணக்கம் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. திருவேங்கடமே உதட்டில் விரல் வைத்தார். வேண்டாதவளாக வந்துவிட்டேன் என்று திரும்பினேன்.

அப்போது அவர் அம்மா திரையை விலக்கினார். உள்ளே, அவர்கள் போகி வழக்கப்படி, முன்னோருக்கு இலை போட்டிருந்தது. அவர்கள் சாப்பிடட்டும் என்றுதான் எல்லோரும் வெளியே காத்திருந்தார்கள். நம் வீட்டில் அம்மாவுக்குப் படையல் போட்டுக் கதவைச் சாத்தியபின் நான் பேசினால் நீங்களும் அதட்டுவீர்களே!

"நீ சத்தம் போட்டே, தாத்தா பாதி சாப்பாட்டுலே ஓடிட்டார்லா" என்றார் திருவேங்கடம், என்னிடம் கற்ற தமிழில், மலாய் 'லா'வையும் ஒட்டி.

"அனாக் சியாப்பா?" என்று அவர் அம்மா என்னைக் கேட்டார். யார் பிள்ளை என்கிறார். உங்கள் பெயரைச் சொன்னேன். எனக்கும் ஓர் இலை போட்டார்.

சுண்டைக்காய் வற்றல் அனுப்புங்கள்; இங்கே தேடியும் கிடைக்கவில்லை. கோபமிருந்தாலும் பதில் எழுதுங்கள். தபாலுக்கு நேரமாகிறது.

அந்த இலையில் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, திருவேங்கடத்திடம் சம்மதம் என்றேன்.

மகள்,
விசாலாட்சி