ஒன்றரை நிமிட அம்மா

11 நவம்பர், திங்கள்

விடியலிலிருந்தே மழை. கிள்ளானில் பிடித்தது, ஷா ஆலம் வரை விடவில்லை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன். இந்த வருஷம் மூன்றாவது.

ஆபீசில் தீபாவளி முறுக்கு இன்னும் மிச்சம். நமத்துவிட்டது. காலைப் பசியாறல் அதுதான்.

காலைக் கூட்டம். கூட்டம் என்றால் பாஸ், கேமரா குமார் அண்ணே, எடிட்டிங்குக்கு நான். முன்பெல்லாம் நாற்காலி போதாது. அடுத்த வருஷம் நாடகம் வேண்டாமென்று டிவிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். இனி எல்லாம் போனுக்கு. ஒரு பாகம் ஒன்றரை நிமிடம். படம் நெட்டுக்குத்தாக.

"மொத மூணு செகண்டுல யாராச்சும் அறையணும், இல்ல அழணும். இல்லன்னா பாக்குறவன் தள்ளிவிட்டுட்டுப் போயிருவான்" என்றார் பாஸ். ஒரு வாரமாக இணையத்தில் பாடம் பார்த்துக் கற்றது.

வேலை:
பழைய குடும்ப நாடகத்தை நெட்டுக்குத்தாக வெட்டிப் பார்ப்பது
ஹார்ட் டிஸ்க் எட்டையும் தேடுவது
குடை

மதியம் வெட்டிப் பார்த்தேன். ஹாலில் ஆறு பேர் வரிசையாக நிற்கும் காட்சி. நம் நாடகங்களில் எப்போதும் அப்படித்தான், கல்யாண போட்டோவுக்கு நிற்பது போல. போன் சட்டத்தில் ஒன்றரை ஆள்தான் அடங்குகிறார்கள். மகனை வைத்தால் மருமகள் பாதி. ஓரத்தில் நிற்கும் அம்மா எப்படி வைத்தாலும் வெளியே.

அம்மா என்றால் சரோஜா அக்கா. பதினோரு வருஷமாக எங்கள் நாடகம் எல்லாவற்றிலும் அவர்தான் அம்மா. பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளையில்லை. வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருஷம். சாயங்காலம் அக்கா போன் பண்ணினார்.

"மாலா, புதுசா என்னமோ ஆரம்பிக்கிறாங்களாமே. எனக்கு என்னா வேஷம்?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

"வீட்லயே இருந்து பேச ஆளில்லாம வாயே துருப்பிடிச்சிருச்சு. சும்மா குறுக்க நடந்து போற வேஷம்னாலும் சரிலா."

கண்டிப்பாக வாங்கித் தருகிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

12 நவம்பர், செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ஏர்கோன் ரிப்பேர்.

பாஸிடம் கேட்டேன். ரொட்டியைப் பால் விடாத தே ஓவில் நனைத்துக்கொண்டே பதில்.

"அக்கா நல்ல ஆர்ட்டிஸ்ட், யாரு இல்லன்னா? ஃபாலோவர் எத்தன பேரு அவங்களுக்கு? ஒரு மெசேஜ் தொறக்கத் தெரியாது."

"அம்மா இல்லாம எப்படி பாஸ் குடும்ப நாடகம்?"

"அம்மா ஒரு எடத்துல அழணும், அவ்ளோதான். அதுக்காக ஒரு நாளு ஷூட்டிங்கா? பழைய டிஸ்க்ல அம்மா அழறது நெறைய கெடக்கும். ஒண்ணு எடுத்துப் போடு. எல்லாம் நம்ம கம்பெனி சொத்துதானே."

கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் அடங்கிவிட்டது. போன மாதம் சவுண்ட்காரரையும் மேக்கப் அக்காவையும் அனுப்பிவிட்டு, டாய்லெட்டுக்குள் போய் அழுத மனுஷன். "டிசம்பர் வரைக்கும் பாப்போம் மாலா, யார் யார் இருக்கறதுன்னு" என்றார். இருப்பதே நானும் குமார் அண்ணேயும்தான். எனக்கு நாற்பத்தாறு வயது. எடிட்டிங் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

பயம். வேறு பெயர் வைப்பானேன்.

அக்காவுக்குப் போன் பண்ணவில்லை. இரண்டு மிஸ்டு கால்.

13 நவம்பர், புதன்

குடை வாங்கியாச்சு. மழை வரவில்லை.

அம்மா அழுகை, டிஸ்க் வாரியாக:
ஆஸ்பத்திரி வராண்டா. கிளிசரின். மூக்கு மட்டும் சிவப்பு.
மகன் கல்யாணத்துக்குக் கூப்பிடாதது. சுமார்.
கோயில். நல்ல அழுகை, பின்னால் லோரி சத்தம்.
மகள் ஓடிப்போனது. கொட்டாவி மாதிரி இருக்கிறது.

கோயிலைக் காட்டினேன். பாஸ் உதட்டைப் பிதுக்கினார். "இது நாடக அழுகை. வேற இல்லியா?"

இருந்தது. ஏழாவது டிஸ்க், 'தொடாதே' என்று நானே பெயர் வைத்த ஃபோல்டர். வீட்டுக்காரர் இறந்த ஐந்தாம் நாள் எடுத்தது. பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. அந்த வாரமே ஒளிபரப்பு, அக்கா வந்தே ஆகவேண்டிய நிலை. வந்தார். மகன் வெளிநாடு போகிறான், அம்மா வாசலில் நின்று அழவேண்டும். அழுதார். வசனம் முடிந்தும் அழுதார். கட் சொல்ல பாஸுக்கு வாய் வரவில்லை. கடைசியில் அக்காவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியா வந்துச்சா?" என்று கேட்டார்.

ஒளிபரப்பில் நாலு செகண்ட்தான் வைத்தேன். மீதியை யாரும் பார்க்கக்கூடாது என்று எடுத்து மறைத்தேன். பெரிய நல்லவள்.

இன்று திறந்தேன். போன் சட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வெட்டத் தேவையில்லை. தனியாக நின்று அழும் ஒருத்திக்கு அளவெடுத்தது போல் இருக்கிறது.

பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். நானாகத்தான் கூப்பிட்டேன், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

"இதுதான்லா!" என்றார் பாஸ்.

15 நவம்பர், வெள்ளி

நேற்று மதியம் அந்த அழுகையை வைத்து ஒரு பாகம் இணையத்தில் ஏற்றினோம். ஓடுகிறது. எங்களுடையது எதுவும் இப்படி ஓடியதில்லை. பாஸ் எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு தபாவ் கட்டி வாங்கி வந்தார். குமார் அண்ணே பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அன்றைக்குக் கேமரா பிடித்தவர் அவர்.

"இது அன்னிக்கு எடுத்ததுதானேம்மா?"

ஆமாம் என்றேன். சிகரெட் பிடிக்கக் கீழே போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப். ஃபெடரல் ஹைவேயில் டிராஃபிக் ஜாமாம், அண்ணன் மாட்டிக்கொண்டாராம். அதற்குக் கீழே ஒரு ஸ்டிக்கர்: வாய் கோணிய சரோஜா அக்கா முகம், "அய்யோ சாமி" என்ற எழுத்துடன். அண்ணியிடமிருந்து மூன்று சிரிப்புப் பொம்மை.

யாரோ வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். முடி ஓரம்கூடப் பிசிறில்லை. தொழில் தெரிந்த கை.

16 நவம்பர், சனி

பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அக்காவுக்கு ஆரஞ்சு வாங்கினேன், ஆஸ்பத்திரிக்குப் போவது போல.

கதவைத் திறந்ததும் சிரித்தார். காப்பி கலக்கினார். கையில் கொடுத்த பிறகுதான் கேட்டார்.

"பக்கத்து வீட்டு ஆன்டி காட்டுனாங்க. அது அவரு போனப்ப எடுத்ததுதானே?"

"ஆமாக்கா."

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என்னைக் கூப்ட்டிருந்தா நானே வந்து அழுதிருப்பேனே மாலா."

மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை, ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

அதே நேரம் பாஸ் போன். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன் என்றதும், "ஸ்பீக்கர்ல போடு, போடு" என்றார். "அக்கா! ஊரெல்லாம் உங்க மூஞ்சிதான். திங்கக்கெழம ஷூட்டிங். சேம் அழுகை, புதுக் கதை. வர்றீங்களா?"

"எத்தன மணிக்கு வரணும் தம்பி?"

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைத்தான் பார்க்க முடியவில்லை. உடனே அலமாரியைத் திறந்து இரண்டு சேலையைக் காட்டி எது என்று கேட்டார். நீலம் என்றேன்.

18 நவம்பர், திங்கள்

சுங்கை வேயில் ஷூட்டிங்குக்கு ஒரு வாடகை வீடு. காலையிலேயே வெயில். எட்டு மணிக்குச் சொன்னதற்கு ஏழுக்கே அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். நீலச் சேலை. மேக்கப்புக்கு ஆளில்லை, தாமே போட்டுக்கொண்டார்.

வாசல் காட்சி. முதல் டேக்கில் அழுதார். இரண்டாவதும் அழுதார். நல்ல நடிப்பு. பாஸ் தலையைச் சொறிந்தார்.

"அந்த மாதிரி வரலக்கா. அதுல தொண்ட அடைச்சிக்கிட்டு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதான் எல்லாருக்கும் புடிச்சது."

"அப்ப அவரு போயி அஞ்சு நாளுதான் தம்பி. இப்ப நாலு வருஷமாச்சு" என்றார் அக்கா. குறையாகச் சொல்லவில்லை. வேலை சரியாக வரவில்லையே என்ற கவலை மட்டும்.

மூன்றாவது. நான்காவது. குமார் அண்ணே கேமராவை விட்டுத் தலையை எடுக்கவேயில்லை.

"மாலா, அதப் போட்டுக் காட்டு" என்றார் அக்கா.

என் போனில் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே பார்த்தார். சத்தத்தைக் கூட்டி, காதோடு வைத்து இன்னொரு தரம் கேட்டார். போனைத் திருப்பித் தந்தார். "எடுக்கச் சொல்லு."

வந்தது. அந்தச் சத்தமும் வந்தது. தெருவில் பைக்கில் போனவர்கூட நிறுத்திப் பார்த்தார்.

"சூப்பர்க்கா! இன்னும் ஒரே ஒரு டேக். ஃபிரேம்ல தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருச்சு" என்றார் பாஸ்.

அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.