வங்காளம் என்று திரும்பி வந்த தமிழ்க் கடிதம்

அனுப்புநர்
திருமதி ஜலஜா பட்டாபிராமன்,
இரண்டாம் மாடி, ஸ்டேஷன் ரோடு,
டாக்குரியா, கொல்கத்தா – 700 031.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
செம்பியநல்லூர், தமிழ்நாடு.

பொருள்: மகள் மேக்னாவின் பிறப்பிடச் சான்றிதழ் – மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய தமிழ்க் கடிதத்தை வங்காள மொழி எனக் கருதி வட்டாட்சியர் அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பியது – கல்லூரிக் கலந்தாய்வுக்கு முன் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வட்டாட்சியர் அலுவலகக் கடிதம், நாள் 6.6.2005.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பட்டாபிராமன் இங்கே துறைமுகத்தில் பணிபுரிகிறார். அவருக்கு மாற்றல் வந்தபோது கைக்குழந்தையாக இருந்த மேக்னா, இப்போது கொல்கத்தாவிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். அவளுக்குக் கால்நடை மருத்துவம்தான் படிக்க வேண்டும். ஏரிப் பக்கம் நொண்டிக்கொண்டு திரியும் நாயை எல்லாம் மாடிக்குத் தூக்கி வந்து என் பிராணனை வாங்குகிறவள். வேறு படிப்பைப் பற்றிப் பேசினாலே காதைப் பொத்திக்கொள்கிறாள். வரும் ஜூன் 27 அன்று சென்னையில் கலந்தாய்வுக்கு அழைத்திருக்கிறார்கள். வெளிமாநிலத்தில் படித்தவள் என்பதால், நேட்டிவிட்டி என்று எல்லோரும் சொல்லும் பிறப்பிடச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அன்று அவள் பெயரையே கூப்பிடமாட்டார்கள். என் கணவரின் பரம்பரை ஊரும், மேக்னா பிறந்த அரசு மருத்துவமனையும் தங்கள் செம்பியநல்லூரில்தான் இருக்கின்றன.

2. விண்ணப்பத்தை எல்லா நகல்களுடனும் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தோம். மே மாதம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. குடும்பம் ஏன் வெளிமாநிலத்தில் வசிக்கிறது என்று தமிழில் ஒரு விளக்கக் கடிதம் வேண்டும், தபாலை நம்பினால் தாமதமாகும், மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று மகிழ்ந்தோம். மேக்னா பள்ளியில் தமிழ் படித்தவள் அல்ல. நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் தன் ஊருக்குத் தானே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இணையத்தில் ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடி இறக்கி, எந்த விசையில் எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று தடவித் தடவி, ஒரு பக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினாள்.

3. இணைப்பு சரியாகத் திறக்கவில்லை என்று பதில் வந்தது. அந்த எழுத்துரு அலுவலகக் கணினியில் இல்லாவிட்டால் எழுத்துகள் உருமாறித்தான் தெரியும் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. உடனே எழுத்துருவையும் சேர்த்துச் சுருக்கி அனுப்பினோம். வைரஸாக இருக்கலாம், அப்படிப்பட்ட இணைப்பைத் திறக்க அனுமதி இல்லை என்றார்கள். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். பிறகு கடிதத்தை அச்செடுத்து, படமாக ஸ்கேன் செய்து அனுப்பினோம். இங்கே மின்சாரம் போய்ப் போய் வந்து, ஒருவழியாக அதை அனுப்பி முடித்தபோது, அலுவலக அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று அப்படியே திரும்பி வந்தது. அலுவலகத்தில் தொலைபேசியை யாரும் எடுக்கவே இல்லை.

4. அதன் பின் வந்ததுதான் பார்வையில் கண்ட கடிதம். “தாங்கள் அனுப்பிய விளக்கம் வங்காள மொழியில் உள்ளதால் பரிசீலிக்க இயலவில்லை. சான்றளிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்புடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்” என்று அதில் இருந்தது. ஐயா, எனக்குத் தலை சுற்றிவிட்டது. அலுவலகக் கணினியில் திறந்த எங்கள் முதல் கடிதத்தை அச்செடுத்து அதோடு பின் குத்தியிருந்தார்கள். தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகள், அரை, கால் என்று பின்னங்கள், நடுநடுவே இங்கிலாந்துக்காரர்களின் பவுண்டு குறி! அன்று மட்டும் தொலைபேசி கிடைத்தது. அந்தப் பிரிவின் எழுத்தரிடம், இது வங்காளம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகவே சொன்னார்: “கல்கத்தாவுலேந்து வந்திருக்கும்மா. புரியல. வேற என்ன பாஷையா இருக்கும்?”

5. மொழிபெயர்ப்புக் கேட்கிறார்களே, தமிழைத் தமிழில் யார் மொழிபெயர்த்துத் தருவார்கள்? வேறு வழி தெரியாமல், அந்தத் தாளை எங்கள் கீழ்வீட்டு சுப்ரியா மித்ராவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பள்ளியில் வங்காள மொழி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சுப்ரியாதி, அதாவது சுப்ரியா அக்கா, என்று அழைப்போம். தாளை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார். “ஏட்டா பாங்ளா நொய்” என்றார். இது வங்காளம் இல்லை என்று அர்த்தம். முதலில் சிரித்தவர், விஷயம் தெரிந்ததும் தன் மொழியை அவமதித்துவிட்டார்கள் என்று என்னைவிட அதிகமாகக் கொதித்துப் போனார். இது வங்காளம் அல்ல என்று கையொப்பமிட்டு அவர் தந்த சான்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இப்படி ஒரு சான்று தங்கள் அலுவலகத்துக்கு இதற்கு முன் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

6. சிரிக்கிற நிலையில் நான் இல்லை, ஐயா. என் கணவர் ஹால்தியா துறைமுகத்தில் வேலையாக இருக்கிறார், விடுப்பு இல்லை. கலந்தாய்வு நெருங்க நெருங்க மேக்னா சரியாகச் சாப்பிடுவதில்லை. இங்கே அவளை மதராஸி என்கிறார்கள், அது பழகிவிட்டது. ஆனால் வட்டாட்சியர் அலுவலகக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, “அம்மா, நான் எழுதினது தமிழ் மாதிரியே இல்லையா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என் மகளைக் கேட்க வைத்ததுதான் என் புகார். எழுத்தர்மீது நடவடிக்கை எடுக்குமாறு நான் கேட்கவில்லை. அவரும் பிள்ளை குட்டிக்காரராக இருப்பார்.

7. ஆகவே தாங்கள் தயவுசெய்து எங்கள் விண்ணப்பத்தை மறுபடி எடுக்கச் சொல்லி, சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன் வழங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நானும் மேக்னாவும் ஜூன் 22 அன்று ரயில் ஏறுகிறோம். சென்னையில் இறங்கியதும் நேரே செம்பியநல்லூர் வந்து தங்கள் அலுவலக வாசலில் நிற்போம். கையெழுத்து மட்டும் தயாராக இருந்தால் போதும்.

8. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மனுவைச் சொன்னது நான்; எழுதியது மேக்னா. ஆறாம் பத்தியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதட்டித்தான் எழுத வைத்தேன். ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கலாம், அதற்காக மொழியை மாற்றிவிட வேண்டாம். எந்த எழுத்துருவும் இல்லாமல், எவர் உதவியும் இல்லாமல் தாங்கள் இந்த வரி வரை படித்து வந்திருந்தால், அவள் எந்த ஊர்ப் பெண் என்பதற்கு இனி ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
ஜலஜா பட்டாபிராமன்

இடம்: கொல்கத்தா
நாள்: 13.6.2005

இணைப்பு (எல்லாம் தாளில், விரைவுத் தபாலில்):
1. வட்டாட்சியர் அலுவலகக் கடிதமும் அதனுடன் வந்த அச்சுத் தாளும்.
2. அத்தாளில் உள்ளது வங்காளம் அல்ல என்பதற்கு ஆசிரியை சுப்ரியா மித்ராவின் சான்று.
3. மேக்னாவின் விளக்கக் கடிதம், அவள் கைப்பட எழுதியது.